வாசிக்கலாம்

ஒட்டகம் ஊருக்குள் வந்துவிட்டது, அதற்குத் தின்ன என்ன கொடுப்பது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை; அந்த இடம் வரைக்கும் வாசித்து முடித்துவிட்டுக் கவிநிலா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இனி இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர், அப்புறம் நைனா முகமது, நைனா முடித்ததும் சாத்தையா. மூன்றாம் வகுப்பு பாயில் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தது. சின்னத் தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க, கடைசியில் சாத்தையாவின் தலை மட்டும் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிறவன் தலையைப்போல நின்றது. பதின்மூன்று முடிந்த உடம்பு அது. சம்மணம் போட்டால் முழங்கால் நைனாவின் தொடையில் ஏறிவிடும், குத்தவைத்தால் சட்டை முதுகில் பிரிந்துவிடும், மண்டியிட்டால் கோயிலுக்கு வந்தவனைப்போல இருக்கும். இந்த உடம்பை எங்கே வைப்பது என்பதே அவனுக்குத் தினமும் ஒரு வீட்டுப்பாடம். சுவரோரம் நாற்காலியில் பிளாக் ஆபீஸிலிருந்து வந்த மேடம் உட்கார்ந்திருந்தார். இன்னும் நடத்தாத பாடமாகப் பார்த்து எடுங்கள், அப்போதுதான் யார் வாசிக்கிறார்கள், யார் ஒப்பிக்கிறார்கள் என்று தெரியும் என்று அவர்தான் டீச்சரிடம் சொன்னார். அதனால்தான் இந்த ஒட்டகம். சாத்தையாவுக்கு ஒட்டகத்தின்மேல் ஒரு குறையும் இல்லை. தன் முறை வரும்போது இதை வாசிப்பதா வேண்டாமா என்பதுதான் அவனுக்குத் தீரவில்லை. ஏனென்றால் அவனுக்கு வாசிக்கத் தெரியும், அது இந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது, தெரிந்துவிட்டால் அவன் இந்த வகுப்பில் இருக்க முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனாவது பூசணிக்காயைத்தான் மறைத்தான். வாசிப்பதை எதில் மறைப்பது? எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண் வாசித்துக்கொண்டு போய்விடுகிறது, மூடினால்தான் நிற்கிறது. கண்ணை மூடினால் தூங்குகிறான் என்பார்கள். அவன் மேடத்தின் செருப்பைப் பார்த்தான், அதிலும் என்னமோ எழுதியிருந்தது, நல்ல வேளையாக அது இங்கிலீஷ்.

இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவள் எழுந்து, கடைக்காரர் வாழைப்பழம் கொடுத்தார் என்று ஆரம்பித்தாள். வாழைப்பழமா, ஒட்டகத்துக்கா என்று சாத்தையா நினைத்தான். படத்தில் இருந்த ஒட்டகத்தின் உதட்டைப் பார்த்தால் அது வாழைப்பழத்துக்குச் செய்த உதடு மாதிரி இல்லை, செருப்புத் தோல் மாதிரி இருந்தது. ஆடு கருவேலங்காயைத் தின்னும், முள்ளுக்கு ஒதுங்கி நாக்கை நீட்டித் தின்னும். ஒட்டகம் முள்ளைத் தின்னுமா? தின்றால் வாய் கிழியாதா? கிழியாது என்றால் இந்தக் கண்மாய் முழுக்கக் கிடக்கிற சீமைக்கருவேலத்துக்குப் பத்து ஒட்டகம் போதும், அதை வெட்டிக் கரி சுடுகிற அப்பா அரிவாளைக் கீழே வைத்துவிடலாம், ஆனால் ஒட்டகம் தின்றுவிட்டால் கரிக்கு எங்கே போவது? வாசிக்கத் தெரிந்துகொண்டதிலிருந்து இதுதான் தொல்லை, ஒரு வரியைத் தொட்டால் அது இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது. வைக்கலாம், விடலாம், போகலாம் என்று மனசுக்குள் ஓடியதும் அவனுக்கு டீச்சர் ஞாபகம் வந்தது. லாம் என்பது டீச்சருடைய சொல். இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர வந்த அன்றைக்கு அம்மா வாசலில் நின்று காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள், இவன் முன்னால் உள்ளே நுழைந்துவிட்டான். மரியபுஷ்பம் டீச்சர் புதிதாக வேலைக்கு வந்தவர், இவனைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, “வாங்க, யாரைச் சேக்கணும்?” என்று கேட்டார். என்னைத்தான் என்றான் சாத்தையா. டீச்சர் முகத்தில் அந்த ‘வாங்க’ போன இடத்திலிருந்து திரும்பி வரப் பார்த்தது. ஒருத்தரை வாங்க என்று கூப்பிட்டுவிட்டு அதே வாயால் வாடா என்று எப்படிச் சொல்வது? வாங்க என்றே வைத்துக்கொள்ளலாம் என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை யாராவது வாங்க போங்க என்பார்களா? அன்றிலிருந்து டீச்சர் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து வழியைக் கண்டுபிடித்துக்கொண்டார். உட்காரலாமே, சாப்பிடப் போகலாம், சிலேட்டை எடுக்கலாம். மற்ற பிள்ளைகளுக்கு உட்காரு, போ, எடுடா. இவனுக்கு மட்டும் லாம். லாம் என்றால் யார் செய்யலாம்? யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவனும் செய்யலாம், பக்கத்துச் சுவரும் செய்யலாம். அதில் மரியாதை இருக்கிறதா இல்லையா என்று அவன் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறான், உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. கவிநிலாவைப் பார்த்து, “ஏண்டி, காது கேக்கலையா ஒனக்கு” என்று டீச்சர் ஒருநாள் கத்தினார். கவிநிலா அழுதாள். சாத்தையாவுக்குப் பொறாமையாக இருந்தது, இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

பிள்ளைகளும் அப்படித்தான். பெரியவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அவரவர் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், அதனால் வகுப்பு முழுக்க அவனுக்கு அண்ணே. அண்ணே பென்சில் சீவித் தாண்ணே, அண்ணே பந்து கூரையில கெடக்குண்ணே. வகுப்பிலேயே அதிகம் படிக்காதவன் அவன்தான், அத்தனை பேருக்கும் அண்ணன் அவன்தான். ஒருநாள் காலையில் பாட்டுப் பாடும்போது அவன் தொண்டை ஒரு வார்த்தையை மேலேயும் அடுத்த வார்த்தையைக் கிணற்றுக்குள்ளேயும் போட்டது, பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர், மணி அடிக்கலாமே என்று அவனை மணிப் பக்கம் அனுப்பிவிட்டார். அதிலிருந்து ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அவனைப் பள்ளிக்கூடத்துப் பியூன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவள் உட்கார, இளையவள் எழுந்தாள், அக்காள் விட்ட மூச்சிலேயே தொடங்கினாள். சாத்தையா காலை மாற்றி மடக்கினான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கரி எடைபோட வருகிறவர் அப்பாவிடம் கேட்டார், இவன் புத்தகப் பையோடு போவதைப் பார்த்துவிட்டு. சாத்தையா அதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனான். ஐந்தைப் பற்றிச் சொன்னவர் ஐம்பதைப் பற்றியும் சொல்லிவிட்டார். பதின்மூன்றைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே, ஏன்? பதின்மூன்றில் வளையுமா வளையாதா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவனுக்குத் தெரிந்த வரையில் வளையும், ஆனால் சத்தம் வரும்.

அதற்காக அவன் பள்ளிக்கூடமே பார்க்காதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒன்றாம் வகுப்பில் அவன் சேராத ஊர் கிடையாது. கருவேலம் வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் பூசி, தீயை உள்ளே விட்டு மூடிவிட்டால் அது பல நாள் புகைந்துகொண்டு கிடக்கும், அதுதான் கரிமூட்டம். புகை வெள்ளையாக இருக்கிற வரைக்கும் அம்மா அவனை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவாள். புகை நீலமாக மாறினால் கரி வெந்துவிட்டது, மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த கண்மாய். எந்த ஊரிலும் அவர்கள் அ என்றுதான் ஆரம்பித்தார்கள். அ, ஆ, இ, ஈ. ஈ வருவதற்கும் புகை நீலமாவதற்கும் சரியாக இருக்கும். அ முதல் ஈ வரைக்கும் சாத்தையாவை அடித்துக்கொள்ள இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. ஈக்கு அப்புறம் என்ன வரும் என்பது அவனுக்கு ரொம்ப நாள் பெரிய மர்மமாக இருந்தது, ஈ பறந்துபோனதும் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று படுத்துக்கொண்டே யோசிப்பான். இந்த ஊர்க் கண்மாய் பெரிது, வெட்ட வெட்டத் தீரவில்லை, அதனால் டீச்சர் தனியாகச் சிலேட்டில் எழுதிக்கொடுத்ததில் ஈயைத் தாண்டி உ வந்தது, அது ஒன்றும் அவ்வளவு பெரிய ஆள் இல்லை என்று தெரிந்துபோனது. எல்லா எழுத்தும் வந்தன. ஆனால் தனித்தனியாக வந்தன, சண்டை போட்டுக்கொண்ட சொந்தக்காரர்களைப்போல ஒன்று இன்னொன்றோடு பேசாமல் நின்றன. பிறகு அந்த பஸ். அப்பாவோடு டவுனுக்குப் போனபோது படியில் தொங்கிக்கொண்டு நின்றான், காற்று முகத்தில் அடித்தது, எதிரே தகரத்தில் சிவப்பு எழுத்து. ப, டி. படி. யி, ல். படியில். அவன் நின்றுகொண்டிருந்ததும் படியில்தான். பயணம், நொடியில், என்று அது தானாகவே ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவர, மரணம் என்று முடிந்தது. வாழ்நாளில் அவன் முதல்முதலாக வாசித்த வரி, நீ செத்துப்போவாய் என்று அவனிடம் சொன்னது. ஒரே தாவில் உள்ளே போய் அப்பாவின் பக்கத்தில் நின்றான். என்னடா என்றார் அப்பா. ஒன்றுமில்லை என்றான். சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது, பஸ்ஸில் இருந்த எழுத்தெல்லாம் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டன.

டீச்சரிடம் சொல்லத்தான் ஓடிவந்தான். அவன் கெட்ட நேரம், அன்றைக்குத்தான் அம்மாவை வரச்சொல்லி டீச்சர் பேசிக்கொண்டிருந்தார். வாசிக்க மட்டும் வந்துவிட்டால் வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்துவிடுவார்கள், டவுனில் பெரிய பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு, அவன் வயசுப் பிள்ளைகளோடு இருக்கலாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். அம்மாவும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். ராத்திரி அப்பாவிடம் சொன்னபோது அவர் கஞ்சியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் பேசவில்லை. பிறகு, “எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிஞ்சாப் போதும்ல. அப்புறம் என்னத்துக்கு அம்புட்டுத் தூரம்? எங்கூட வரட்டும்” என்றார். அப்பா கெட்டவர் இல்லை, அவருக்கு முதுகு வலிக்கிறது. ஆக, வாசித்தால் ஒரு பக்கம் எட்டாம் வகுப்பு, இன்னொரு பக்கம் கரிமூட்டம், எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பாய் இல்லை. மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவில் நாலு வகுப்பு இருக்கிறதே, அதில் என்ன இருக்கும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, ஒரே தாவாகத் தாவச் சொல்கிறார்கள். ஈக்கு அப்புறம் என்ன என்று தெரிந்துகொள்ளவே அவனுக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. ஜன்னல் திட்டில் பூமி உருண்டை வெயிலில் இருந்தது, யாரோ கீழே போட்டதில் அதன் வயிற்றில் ஒரு நசுங்கல். சாத்தையா அதைப் பார்த்தான். அதில் இருக்கிற ஒவ்வொரு நாட்டிலும் பள்ளிக்கூடம் உண்டு என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த மஞ்சள் நாட்டிலும் அந்தப் பச்சை நாட்டிலும் மூன்றாம் வகுப்பில் கடைசியாக ஒருத்தன் இருப்பானா? அவன் காலை எப்படி மடக்குவான்? அவனுக்கு மீசை அரும்பியிருக்குமா, அரும்பியதைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவானா? அவன் எந்த வேலையை விட்டுவிட்டு வந்திருப்பான், மீன் பிடிக்கிற வேலையா, பனிக்கட்டி வெட்டுகிற வேலையா? அங்கேயும் பிள்ளைகள் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுமா? இங்கிலீஷில் ‘நீங்க’வும் கிடையாது, ‘நீ’யும் கிடையாது, எல்லாருக்கும் யூ ஒன்றுதான் என்று டீச்சர் ஒருநாள் சொன்னபோது வகுப்பு அதைக் காதில் வாங்கவில்லை, சாத்தையா மட்டும் அசந்துபோனான். கலெக்டருக்கும் யூ, கழுதைக்கும் யூ. அந்த நாட்டுப் பையன் கொடுத்துவைத்தவன், அவனுடைய டீச்சர் முதல்நாள் தடுமாறியிருக்கவே மாட்டார். ஆனால் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படிக் கோபப்படுவார்கள், எப்படிக் கொஞ்சுவார்கள் என்பதும் அவனுக்கு விளங்கவில்லை.

நைனா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். சாத்தையா அதைப் பார்த்ததும் உருண்டையை விட்டுத் திரும்பி வந்தான். நைனா முகமதுக்கு எட்டு வயசு, வாய் பதினெட்டு. சாத்தையா நடுவருஷத்தில் சேர்ந்ததால் அவனுக்குப் புத்தகம் வரவில்லை, நைனாவோடுதான் ஒரே புத்தகம், சாயங்காலம் அது நைனாவின் பையில் வீட்டுக்குப் போய்விடும். வந்த நாளிலிருந்து நைனாதான் இவனுக்கு வாத்தியார். டீச்சர், வாசிக்கலாமே என்று இவன் பக்கம் திரும்பினால் நைனா காதுக்குள் சொல்லிக்கொடுப்பான், இவன் அதைத் திருப்பிச் சொல்வான். எறும்புப் பாடத்தில், எறும்பு கடைக்குப் போய்ச் சீனி வாங்கியது என்று நைனா சொன்னான், இவனும் சொன்னான், வகுப்பு சிரித்தது. படத்தைப் பார்த்துச் சொல்லாமல் எழுத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றார் டீச்சர். பஸ்ஸில் வாசிப்பு கைவந்ததற்கு அப்புறம் சாத்தையா அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தான். கடையும் இல்லை, சீனியும் இல்லை, எறும்புகள் வரிசையாகச் சென்றன என்றுதான் இருந்தது. அடுத்த பக்கத்தைப் பார்த்தான், அதற்கடுத்ததைப் பார்த்தான். நைனா சொன்ன ஒரு வார்த்தையும் புத்தகத்தில் இல்லை. நைனாவுக்கு வாசிக்கவே தெரியாது. மற்றவர்கள் வாசிப்பதைக் காதால் கேட்டு வைத்துக்கொண்டு, கேட்காததை வாயால் கட்டி, இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறான். சாத்தையா பிரமித்துப்போனான். தெரிந்ததைத் தெரியாது என்று மறைக்க இவன் படுகிற பாட்டுக்கு, தெரியாததைத் தெரியும் என்று அவன் எவ்வளவு லேசாக நடத்துகிறான். புத்தகத்தில் இருந்ததைவிட நைனாவின் எறும்பு நன்றாகவும் இருந்தது. அதனால் அவனைக் காட்டிக்கொடுக்கவும் தோன்றவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. ஆனால் இன்றைக்குப் பாடம் புதுசு. காதில் வாங்கி வைத்தது எதுவும் இல்லை.

ஒட்டகம் எதையும் தொடவில்லை என்று முடித்துவிட்டு இளையவள் உட்கார்ந்தாள். நைனா எழுந்தான், புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்தான், படத்தைப் பார்த்தான். ஒட்டகம், என்றான். அந்த வரியில் ஒட்டகமே இல்லை, மாரி என்ற பையன்தான் இருந்தான். மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நிதானமா வாசி தம்பி, என்றார். நைனா மறுபடியும் ஒட்டகம் என்றான், அதற்கு மேல் வாய் ஓடவில்லை. இந்தப் பயல் இப்படி நின்று சாத்தையா பார்த்ததே இல்லை. எச்சிலை விழுங்குகிறான், காது சிவந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அழுதுவிடுவான், அழுதுவிட்டால் அப்புறம் நாளைக்கு எந்த எறும்பும் கடைக்குப் போகாது. எனக்கென்ன, என் முறை வந்தால் நானும் ஒட்டகம் ஒட்டகம் என்று நின்றுவிட்டு உட்கார்ந்துவிடலாம், இரண்டு பேரும் ஒன்றாக இதே பாயில் இருக்கலாம், இருக்கலாம், இருக்கலாம். ஆனால் அந்த வரி அங்கேயே இருந்தது, மேலே பார்த்தால் தெரிந்தது, தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது தும்மலை அடக்குவதாக இருந்தது. சாத்தையா தலையைக் குனிந்துகொண்டு, காதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான். மாரி வைக்கோலைக் கொண்டுவந்து வைத்தான் என்றான். மாரி என்பது ஒழுங்காகக் காதுக்குள்தான் போனது. வைக்கோலில் அவன் தொண்டை உடைந்தது. எட்டு வயசுக்காரன் குசுகுசுத்தால் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கும், சாத்தையா குசுகுசுத்தால் கண்மாய்க்குக் கேட்கும், அதை அவன் மறந்துவிட்டான். வைக்கோலைக் கொண்டுவந்து வைத்தான் என்பது ஒரு பெரிய ஆளின் குரலில் வகுப்பு முழுக்க உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. மேடம் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து, யாரு வாசிச்சது என்று கேட்டார். டீச்சர் சாத்தையாவைப் பார்த்தார், பஸ் படியிலிருந்து அவன் உள்ளே தாவிய கணத்தில் அவரும் அங்கே இருந்தவரைப்போல எல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தார். “அண்ணன்தான் டீச்சர்” என்றான் நைனா, அவனுக்கு உயிர் திரும்பியிருந்தது, பெருமையாகவே சொன்னான். சாத்தையாவுக்கு நைனாமேல் கோபம் வரவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வருகிற ஒரு நிம்மதிதான் வந்தது, அதற்குக் கீழேயே துக்கமும் வந்தது. இப்போதும் எந்திரிக்கலாம் என்பாரா, வாசிக்கலாம் என்பாரா என்று அவன் காத்திருந்தான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கள்ளப் பயலே, எத்தனை நாளா ஏமாத்துற? எந்திரி. நீ வாசி.”

அந்த நீயைக் கேட்டதும் அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிரிப்பு பல்லைக் காட்டிக்கொண்டு வந்துவிட்டது, அடக்கத் தெரியவில்லை. கிடைத்தது கிடைக்கிறபோதே கையை விட்டுப் போகிறது என்பதும் தெரிந்தது, ஏனென்றால் மேடம் பேனாவைத் திறந்து என்னமோ எழுத ஆரம்பித்திருந்தார். எட்டாம் வகுப்பா, அப்பாவா, எதுவோ ஒன்று அந்தப் பேனாவிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு ராத்திரி அம்மா அப்பாவிடம் என்ன சொல்வாள், அப்பா கஞ்சியை எவ்வளவு நேரம் குடிப்பார், எட்டாம் வகுப்பில் பாய் இருக்குமா பெஞ்சு இருக்குமா, ஒன்றும் தெரியவில்லை. அவன் எழுந்து நின்றான், கூரை கிட்டத்தில் வந்தது. நைனா புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொடுத்தான். ஒட்டகம் வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று சாத்தையா வாசித்தான், குரல் கிணற்றுக்குள் போய்விட்டு மேலே வந்தது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது வேலிப் பக்கம் போனது. வேலி என்றால் முள் இருக்கும். தின்னப்போகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு அப்படி ஓர் ஆசை, கண் அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தது. பக்கத்தின் அடியில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இந்தப் பாடம் முடிகிற வரைக்கும் அவன் மூன்றாம் வகுப்பு. அவன் கண்ணை இழுத்துப் பிடித்தான். எழுத்துக்கூட்டத் தெரியாதவனைப்போல விரலை வைத்து, வே, லி, யி, ல் என்று ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி வாசிக்க ஆரம்பித்தான். போதும் என்று டீச்சர் சொல்லவில்லை.